பந்தாட்டப் பாடல்களில் ஒலிக்கும் ‘நாம்’

பாடல் என்றால் அது புலவர் யாத்ததாக இருத்தல் வேண்டும். இல்லையேல் இசை வல்லார் இசைத்ததாக இருத்தல் வேண்டும் என்பது பழைய எண்ணம். இவ்விரு தகுதியும் பெரிதாக இல்லாத ஒரு பாடல்வகை, கடந்த அரை நூற்றாண்டுக் காலத்தில் மேனாடுகளில் தழைத்து வளர்ந்திருக்கிறது. தம் நாட்டுக் கால்பந்து அணி பெரும் போட்டிக்குப் புறப்படும் வேளையில், அவ்வணியின் இரசிகர்களே இயற்றி, இசைத்தட்டில் பதிந்து, சந்தைக்குக் கொண்டுவரும் வேடிக்கைப் பாடல்களையே இங்குக் குறிப்பிடுகிறோம். இவற்றில் சொல் நயமோ இசை நுணுக்கமோ தேடுவார் ஏமாற்றமே அடைவர். ஆயினும், இலட்சக்கணக்கான மக்கள் ஒரே குரலில் பாடுகின்ற எதனையும் இலக்கிய மாணவன் புறக்கணித்தல் முறையன்று. ஒரு சமுதாயம் தன்னைப் பற்றியும் பிறரைப் பற்றியும் என்ன நினைக்கிறது என்பதனைப் பேரிலக்கியங்களைக் காட்டிலும் இத்தகைய தெருப்பாடல்கள் ஒளிவுமறைவின்றிக் கூறிவிடுகின்றன.

இசை பற்றிய மார்க்கத் தீர்ப்பு இக்கட்டுரையின் பொருளன்று. அதனை ஆலிம் பெருமக்களிடம் விட்டுவிடுகிறோம். நாம் ஆராயப் புகுவது சொற்களை. அச்சொற்களுள்ளும் குறிப்பாக ஒரேயொரு சொல்லை.

ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரு சொல்தான் உண்டு. தமிழில் இரண்டு உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டு பேசினால் ‘நாம்’ என்கிறோம். கேட்பவரை விலக்கிப் பேசினால் ‘நாங்கள்’ என்கிறோம். வீட்டுக்கு வந்த விருந்தினரிடம் ‘நாம் உண்போம்’ என்பதற்கும் ‘நாங்கள் உண்போம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்க் குழந்தையும் அறியும். ஆங்கில இரசிகன் பாடும்போது இவ்விரண்டனுள் எப்பொருளில் பாடுகிறான் என்பதை அவன் மொழி காட்டிக்கொடுப்பதில்லை. தமிழில் எழுதும் திறனாய்வாளனுக்கு இந்த அளவுகோல் இயல்பாகவே கைவசம் இருக்கிறது. இதனைக் கொண்டு சில பாடல்களை அளந்து பார்ப்போம்.

பாடல்களை வகைப்படுத்துவதற்கு அரபு இலக்கிய மரபு நமக்குத் துணை செய்கிறது. தன் குலத்தின் பெருமையைப் பறைசாற்றுவது ‘ஃபக்ர்’. பகைவனை வசைபாடுவது ‘ஹிஜா’. இழந்ததை எண்ணி இரங்குவது ‘ரிஸா’. இஸ்லாத்திற்கு முற்பட்ட அரபுப் பாலைவனத்தில் குலங்கள் மோதிய காலத்துப் பிறந்த இம்மூன்று வகைகளும், இருபதாம் நூற்றாண்டின் விளையாட்டரங்கில் உருமாறாமல் மீண்டும் தோன்றியிருப்பது வியப்புக்குரியது.

முதலில் ஃபக்ர். 1978-ஆம் ஆண்டு அர்ஜென்டினாவில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டிக்கு ஸ்காட்லாந்து தகுதி பெற்றது, இங்கிலாந்து பெறவில்லை. ஆலி மெக்லியோடு என்பார் ஸ்காட்லாந்து அணியின் மேலாளர். கோப்பையை வென்று வருவோம் என்ற நம்பிக்கையை ஊரெங்கும் ஊட்டியவர் அவர். அந்த உற்சாகத்தில் ஆண்டி கேமரூன் எனும் நகைச்சுவைக் கலைஞர், மெக்லியோடின் பெயரால் ஒரு ‘படை’யை உருவாக்கி ‘ஆலியின் டார்ட்டன் படை’ என்ற பாடலைப் பதிவு செய்தார். டார்ட்டன் என்பது ஸ்காட்லாந்தினரின் மரபுவழிக் கட்டம்போட்ட துணி. பாடல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் ஆறாம் இடம் வரை ஏறியது. வெற்றி உறுதி என்ற முழக்கமும், தகுதி பெறாத அண்டை நாட்டாரைக் குத்திக்காட்டும் கேலியுமே அதன் உள்ளடக்கம்.

பின்னர் நிகழ்ந்தது யாது? முதல் ஆட்டத்தில் பெரு நாட்டிடம் 3-1 என ஸ்காட்லாந்து தோற்றது. இரண்டாம் ஆட்டத்தில், உலகக் கோப்பை அரங்கில் அவ்வாண்டுதான் முதன்முதலாகக் காலடி வைத்திருந்த ஈரானோடு 1-1 எனச் சமநிலை கண்டது. அந்த ஒரு கோலும் ஈரானியர் தம் வலைக்குள் தாமே செலுத்தியது. மூன்றாம் ஆட்டத்தில் வலிமை மிக்க நெதர்லாந்தை 3-2 என வென்றும் பயனின்றி அணி நாடு திரும்பியது. பாடிய வாய்கள் அடைத்துப்போயின. தற்பெருமைப் பாடலுக்கு இயற்கையாகவே அமைந்த குறை இது: அதன் உண்மை, ஆட்டத்தின் முடிவைச் சார்ந்து நிற்கிறது. தோற்றபின் அதனைப் பாட முடியாது. பாடினால் அது தன்னையே எள்ளும் பாடலாகிவிடும். அப்பாடலில் ஒலித்தது ஐயத்துக்கு இடமின்றி ‘நாங்கள்’தான். அண்டை வீட்டானை விலக்கி நிறுத்தியபின்பே அது தொடங்குகிறது.

எனினும், அப்பாடலின் மெட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு பாடலைவிடச் சுவையானது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864-இல் ஜார்ஜ் ரூட் என்பார் போர்க்கைதி ஒருவனின் ஏக்கத்தைப் பாடுவதற்காக அமைத்த மெட்டு அது. 1867-இல் மான்செஸ்டர் நகரில் அயர்லாந்து விடுதலை வீரர் மூவர் தூக்கிலிடப்பட்டபோது, டி. டி. சல்லிவன் அதே மெட்டில் ஒரு விடுதலைப் பாடலை இயற்றினார். பல்லாண்டுகள் அது அயர்லாந்து மக்களின் நாட்டுப்பண் போலவே விளங்கியது. அந்த மெட்டைத்தான் 1978-இல் ஸ்காட்லாந்தினர் எடுத்தாண்டனர். 1990-இல் அயர்லாந்து முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோது, ‘ஆலியின் படை’ என்பது ‘ஜாக்கியின் படை’ என்று மாறி அயர்லாந்துக்கே திரும்பி வந்தது. யூ2 இசைக்குழுவின் லாரி மல்லன் உருவாக்கிய அவ்வாண்டுப் பாடலிலும் அம்முழக்கம் இடம்பெற்றது.

அந்த ஜாக்கி யார் என்பதில்தான் நயம் இருக்கிறது. ஜாக் சார்ல்டன் ஓர் ஆங்கிலேயர். 1966-இல் இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்றபோது அவ்வணியில் ஆடியவர். ஆங்கிலேய ஆட்சி தூக்கிலிட்டோரை நினைந்து பாடப்பட்ட மெட்டிலேயே, ஓர் ஆங்கிலேயரை அயர்லாந்து மக்கள் தம் தலைவராக ஏற்றுப் பாடினர்! அவ்வணியில் ஆடியவர்களிலும் பலர் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பிறந்தவர்கள். பிழைப்புத் தேடி அயர்லாந்தை விட்டுப் போன குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆவர். அவ்வணி கால் இறுதி வரை சென்று இத்தாலியிடம் 1-0 எனத் தோற்றது. தோல்விக்குப் பின்னும் அப்பாடல் மதிப்பிழக்கவில்லை. 1996-இல் அயர்லாந்து அரசு சார்ல்டனுக்குக் கௌரவக் குடியுரிமை வழங்கியது. மெட்டு ஒன்றே, ‘படை’ என்ற சொல்லும் ஒன்றே. ஆனால் ஸ்காட்லாந்தின் ‘நாங்கள்’ அயர்லாந்தில் ‘நாம்’ ஆகிவிட்டது. அந்நியனும் புலம்பெயர்ந்தவனும் அதற்குள் இடம்பெற்றதே இம்மாற்றத்துக்குக் காரணம் எனக் கருதுகிறோம்.

இனி ரிஸா. 1996-இல் ஐரோப்பியக் கோப்பைப் போட்டி இங்கிலாந்தில் நடந்தபோது, அந்நாட்டுக் கால்பந்துக் கழகத்தின் வேண்டுகோளின்படி இயன் பிரௌடி எனும் இசைக்கலைஞர் மெட்டமைக்க, டேவிட் படீல், ஃபிராங்க் ஸ்கின்னர் என்ற இரு நகைச்சுவையாளர்கள் ‘மூன்று சிங்கங்கள்’ என்ற பாடலை எழுதினர். பாடியவர்களும் அவர்களே. ஆட்டக்காரர்களைப் பாடவைக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட்டு, இரசிகனின் நிலையில் நின்று எழுதியது அவர்தம் சிறப்பு. வெல்வோம் என்று அது சூளுரைக்கவில்லை. 1966-க்குப் பின் முப்பது ஆண்டுகளாகத் தோற்றுக்கொண்டே வந்திருக்கிறோம். ஆயினும் நம்பிக்கையை விட முடியவில்லையே என்று இரங்குகிறது. அரையிறுதியில் ஜெர்மனியிடம் ‘பெனால்டி’ உதைகளில் இங்கிலாந்து தோற்றது. வென்ற ஜெர்மானிய அணியினரே தாயகம் திரும்பியபின் அப்பாடலைப் பாடினர் என்பது குறிப்பிடத்தக்கது. தோற்றவனின் பாடலை வென்றவனும் பாட இயன்றது எவ்வாறு? துயரம் யாவர்க்கும் பொதுவானது. இழப்பைப் பாடும் பாட்டுக்குள் யார் வேண்டுமானாலும் நுழையலாம்.

இத்தகைய பாட்டும் கேட்பவர் செவியில் திரிந்துவிடக்கூடும் என்பதையும் கூறியாக வேண்டும். கால்பந்து தன் தாயகத்துக்குத் திரும்புகிறது என்பது அப்பாடலின் பல்லவிக் கருத்து. 1996-இல் போட்டி அங்கே நடந்ததால் அது பொருந்தியது. 2018-இல் உருசியாவில் நடந்த உலகக் கோப்பையின்போது அதே பல்லவியை இங்கிலாந்து முழுவதும் முழங்கிற்று. இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அப்பாடல் மீண்டும் விற்பனையில் முதலிடம் பெற்றது. பிற நாட்டார் பலர் அதனை ஏக்கமாகக் கேட்கவில்லை. கோப்பை தங்களுக்கே உரியது என்ற இறுமாப்பாகவே கேட்டனர். அரையிறுதியில் குரோவாசியா வென்றது. முதலிடத்தில் இருந்த பாடல் மறுவாரம் 97-ஆம் இடத்துக்கு வீழ்ந்தது. இரங்கற்பாவைத் தற்பெருமைப் பாவாக மாற்றிப் பாடியதற்குக் கிடைத்த பரிசு அது என்று கொள்ளலாம்.

அச்சிங்கங்களைப் பற்றியும் ஒரு சொல். இங்கிலாந்து அரச இலச்சினையில் மூன்று சிங்கங்களைப் பொறித்தவன் முதலாம் ரிச்சர்டு மன்னன். மூன்றாம் சிலுவைப் போரில் சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபியை எதிர்த்து நின்றவனும் அவனே. பாடலாசிரியர்மீது இவ்வரலாற்றைப் பழியாகச் சுமத்துதல் அறமாகாது. அவர்கள் சட்டையில் தைத்த சின்னத்தையே பாடினர். ஆனால் 2022-இல் கத்தாரில் உலகக் கோப்பை நடந்தபோது, இரசிகர் சிலர் சிலுவைப் போர் வீரரைப் போல் வேடம் பூண்டு வந்தனர். அரபு மண்ணில் அவ்வேடம் மனத்தைப் புண்படுத்தக்கூடும் என்று உலகக் கால்பந்துக் கழகமே கூற நேர்ந்தது. வேடிக்கை என்று அணிந்தவருக்குத் தோன்றியது, பார்ப்பவருக்கு எண்ணூறு ஆண்டு நினைவாகத் தோன்றிற்று. விருந்தாளியாகச் சென்ற இடத்தில் ‘நாங்கள்’ என்று உரக்கச் சொன்னதால் வந்த விளைவு இது.

ஃபக்ருக்கும் ரிஸாவுக்கும் அப்பாற்பட்டது வெறும் நகை. 1998-இல் பிரான்ஸில் உலகக் கோப்பை நடந்த ஆண்டில், நடிகர் கீத் ஆலன், ‘பிளர்’ இசைக்குழுவின் அலெக்ஸ் ஜேம்ஸ், ஓவியர் டேமியன் ஹர்ஸ்ட் ஆகியோர் கூடி ‘விண்டாலூ’ என்ற பாடலை வெளியிட்டனர். மைதானக் கூச்சல்களைப் பகடி செய்வதே அவர்கள் நோக்கம். பொருளற்ற அடுக்குகள், திரும்பத் திரும்ப ஓர் உணவின் பெயர். ஆனால் இரசிகர்கள் அதனைப் பகடியாகக் கொள்ளவில்லை. உண்மையான முழக்கமாகவே ஏற்றுக்கொண்டனர். விற்பனையில் அது இரண்டாம் இடம் பெற்றது.

அவ்வுணவின் வரலாறு நம் வாசகர்களுக்கு ஆர்வமூட்டும். பூண்டும் திராட்சை மதுவும் சேர்த்து இறைச்சியை ஊறவைக்கும் போர்த்துகீசியர் முறை கோவாவுக்கு வந்து, காடியும் மிளகாயும் சேர்ந்து விண்டாலூ ஆயிற்று. பிரிட்டனில் அதனைப் பரப்பிய ‘இந்திய’ உணவகங்களுள் மிகப் பல, சில்ஹட் பகுதியிலிருந்து குடியேறிய வங்காள முஸ்லிம்களால் நடத்தப்பட்டவை. அதற்கு முன்னோடியாக, பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முஹம்மது என்பார் 1810-லேயே இலண்டனில் இந்திய உணவகம் திறந்தார். ஆக, ஒரு முஸ்லிம் சமையற்காரர் அடுப்படியில் வியர்வை சிந்திச் சமைத்த குழம்பு, ஆங்கிலேயரின் நாட்டுப்பற்றுப் பாடலாயிற்று. இதைவிட அழகிய ஒன்றுகலத்தல் வேறு உண்டோ என்று மகிழத் தோன்றும்.

மகிழ்வதற்கு முன் ஒரு வினா. குழம்பு ‘நாம்’ என்பதற்குள் வந்துவிட்டது; அதனைச் சமைத்தவர் வந்தாரா? பாடலில் உணவின் பெயர் இருக்கிறது; பரிமாறியவரின் சுவடு இல்லை. அதே 1998 ஜூன் மாதத்தில், துனீசியாவுடன் நடந்த ஆட்டத்தை ஒட்டி மார்செய் நகரத் தெருக்களில் ஆங்கிலேய இரசிகர் பலர், துனீசிய இரசிகரோடும் வட ஆப்பிரிக்க வழிவந்த உள்ளூர் இளைஞரோடும் மோதினர். பாடல் இம்மோதலுக்குக் காரணம் என்று நாம் கூறவில்லை. உண்ணும்போது உறவு, தெருவில் பகை என்னும் நிலையை ஒரு பாடலால் மட்டும் மாற்றிவிட முடியாது என்பதையே சுட்டுகிறோம். எனினும், குறையை மீறி அப்பாடலுக்கு ஒரு புண்ணியம் உண்டு: அது எவரையும் வசைபாடவில்லை.

வசைக்கு வருவோம். அர்ஜென்டினா இரசிகர்கள் அண்மைக்காலத்தில் இரு பாடல்களைப் பாடினர். ஒன்று 2022-இல் உலகெங்கும் பரவிய ‘முச்சாச்சோஸ்’. ‘லா மோஸ்கா’ என்ற குழுவின் பழைய காதல் தோல்விப் பாடல் ஒன்றின் மெட்டில், ஆசிரியப் பணி புரிந்த ஓர் இரசிகர் புதிய சொற்களை இட்டார். பின்னர் அக்குழுவே அதனைப் பதிவு செய்தது. 1982 மால்வினாஸ் போரில் மடிந்த இளைஞர்களையும், தோற்ற இறுதியாட்டங்களில் சிந்திய கண்ணீரையும், 2020-இல் மறைந்த மரடோனாவையும் அது நினைவுகூர்கிறது. பெருமையும் இரங்கலும் அதில் பின்னிக் கிடக்கின்றன. மெஸ்ஸியின் அணி கோப்பையை வென்றபோது, எல்லையோ மொழியோ அறியாத மக்களும் அம்மெட்டை முணுமுணுத்தனர்.

மற்றொன்று, அதே இரசிகர் கூட்டத்தில் பிறந்த வசைப்பாடல். பிரான்ஸ் அணியின் ஆட்டக்காரர்கள் பலரும் ஆப்பிரிக்க வழிவந்தவர்கள் என்பதைக் குத்திக்காட்டி, அவர்கள் பிரெஞ்சுக்காரரே அல்லர் என்று இழிவுபடுத்துவது அது. இப்படி இழிக்கப்பட்டோருள் முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளும் உண்டு. 2024 ஜூலையில் கோபா அமெரிக்கா கோப்பையை வென்ற களிப்பில், அர்ஜென்டினா ஆட்டக்காரர் சிலரே பேருந்தில் அதனைப் பாடினர். ஆட்டக்காரர் என்ஸோ ஃபெர்னாண்டஸ் ஒளிபரப்பிய காட்சி உலகறிய வெளிவந்தது. பிரெஞ்சுக் கால்பந்துக் கழகம் கண்டனம் தெரிவித்து முறையிட, அவர் மன்னிப்புக் கேட்டார். வேடிக்கைதானே என்று வாதிட்டவர்களும் இருந்தனர். ஆனால் ஒரு மனிதனின் பெற்றோர் பிறந்த ஊரைக் காட்டி அவனை அவன் நாட்டிலிருந்து விலக்கும் சொல், எம்மெட்டில் பாடினாலும் வேடிக்கையாகாது. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை எள்ளுதலை அருள்மறையின் ‘ஹுஜுராத்’ அத்தியாயம் விலக்கியிருப்பதும், மாந்தர் பல குலங்களாய் அமைந்தது ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வதற்கே என்று அதே அத்தியாயம் உணர்த்துவதும் நம் வாசகர் அறிந்தவையே.

புகழ்ச்சியிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. நாட்டு அணியைப் பற்றியதன்று எனினும், லிவர்பூல் கழக இரசிகர்கள் 2018-இல் எகிப்திய வீரர் முஹம்மது ஸலாஹ்வைப் பற்றிப் பாடிய பாடலை இங்கு விட்டுவிட இயலாது. அவர் இன்னும் சில கோல்கள் போட்டால் தாமும் முஸ்லிமாகிவிடுவோம் என்று அவர்கள் வேடிக்கையாகப் பாடினர். அவர் வந்தபின் லிவர்பூல் வட்டாரத்தில் வெறுப்புக் குற்றங்கள் 16 விழுக்காடு குறைந்ததாக, 2021-இல் அமெரிக்க அரசியல் அறிவியல் ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இது மகிழத்தக்கதே. ஆயினும் அப்பாடலில் உள்ள ‘போட்டால்’ என்ற நிபந்தனையை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். கோல் விழாத நாளில் அந்த அன்பு என்னவாகும்?

விடை 2021 ஜூலை 11 அன்று இலண்டன் வெம்பிளி மைதானத்தில் கிடைத்தது. ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் இத்தாலியிடம் இங்கிலாந்து ‘பெனால்டி’ உதைகளில் தோற்றது. உதைகளைத் தவறவிட்ட ராஷ்ஃபோர்டு, சாஞ்சோ, சாக்கா ஆகிய மூவரும் கறுப்பினத்தார். அன்று மாலை வரை ‘மூன்று சிங்கங்கள்’ பாடலில் அவர்களும் ‘நாம்’. இரவில் இனவெறி வசைகள் அவர்கள்மீது மழையெனப் பொழிந்தன. எல்லா இரசிகரும் அவ்வாறு செய்யவில்லை. மான்செஸ்டரில் சிதைக்கப்பட்ட ராஷ்ஃபோர்டின் சுவரோவியத்தைப் பொதுமக்கள் அன்புக் கடிதங்களால் மூடினர் என்பதையும் நேர்மையோடு கூற வேண்டும். ஆனால் நிபந்தனையோடு சேர்க்கப்பட்டவன் நிபந்தனையோடு நீக்கவும்படுவான் என்பது அன்று வெளிப்பட்டது.

பேரறிஞர் இப்னு கல்தூன் தமது ‘முகத்திமா’வில், கூட்டங்களையும் அரசுகளையும் எழுப்பும் ஆற்றலாக ‘அஸபிய்யத்’ என்னும் குழுப்பற்றை ஆராய்ந்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ, அநீதிக்குத் துணைபோகும் குலவெறியைக் கண்டித்தார்கள். குழுப்பற்று மனிதனுக்கு இயல்பானது. அதன் எல்லையை அறம் வகுத்தாக வேண்டும் என்பதே இவ்விரண்டையும் சேர்த்து நாம் பெறும் பாடம். பந்தாட்டப் பாடல்கள் அந்த எல்லைக்கோட்டின்மீதே நடக்கின்றன. தன் அணியை நேசிப்பது குற்றமன்று. தோல்வியில் கண்ணீர் விடுவதும் குற்றமன்று. அடுத்தவனைத் தாழ்த்தாமல் தன்னைப் பாட முடியுமா என்பதே கேள்வி. அயர்லாந்தின் பாடல் முடியும் என்கிறது. அர்ஜென்டினாவின் முதற்பாடலும் ஏறக்குறைய அதையே சொல்கிறது.

காயல்பட்டினம் போன்ற நம் கடற்கரை ஊர்களில் கால்பந்து அயலான ஆட்டமன்று. உலகக் கோப்பைக் காலத்தில் நம் இல்லத்துப் பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, பொருள் அறியாமலே இப்பாடல்களை உடன்பாடுகின்றனர். அவர்களைக் கடிந்து வாயடைக்க வேண்டுவதில்லை. ‘இப்பாடல் யாரைச் சேர்த்துக்கொள்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது?’ என்று பெற்றோர் ஒருமுறை கேட்டால் போதும். பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் சிறுபான்மையாய் வாழும் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் செவியோடு அப்பிள்ளை அதனைக் கேட்கக் கற்றுக்கொள்ளும். பின்னர் தன் பள்ளியில், தன் தெருவில், தானே ‘நாம்’ என்று சொல்லும்போதும் அதே கவனம் அப்பிள்ளைக்கு வாய்க்குமானால், வேடிக்கைப் பாடலைத் திறனாய்ந்த முயற்சி வீண்போகாது.